ஊத்தங்கரையில் பெய்த கடல்: ஃபெஞ்சல் புயலின் வேதியியல்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரை மழைமானியில் பதிவானது 50 செ.மீ. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தின் அரூரில் 33 செ.மீ. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், பஸ் நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தீப்பெட்டிகளைப் போல உருட்டிக்கொண்டு போனது. அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு மின்சாரம் இல்லை.

மழை விட்டு வெயில் தலைகாட்டிய நாளில் டீக்கடைக்காரர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "கடலில் இருந்துதானே சார் இவ்வளவு தண்ணீரும் வந்தது? பிறகு ஏன் கொஞ்சம்கூடக் கரிக்கவில்லை?" கடலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு கீழேயே தங்கிவிடும் என்று ஏழாம் வகுப்புப் பதிலைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் என் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும் என்பது அமைதியான கடலுக்குப் பொருந்தும். புயலடிக்கும் கடலில் உப்பு தங்குவதில்லை, பறக்கிறது. பறக்கும் வழியில் யாரோ எங்கோ விட்ட புகையைச் சந்திக்கிறது. எங்கள் மாடியில் விழுந்த தண்ணீருக்குள் அந்தச் சந்திப்பின் தடயம் இருந்திருக்க வேண்டும். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் அதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த ஆய்வு அந்தக் கடனுக்காக.

புயலின் நடை

தென்மேற்கு வங்கக்கடலில் நாட்கணக்கில் தயங்கிக்கொண்டிருந்த தாழ்வு மண்டலம் நவம்பர் 29 அன்று புயலானது. ஃபெஞ்சல் என்ற பெயர் சவூதி அரேபியா கொடுத்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ., இடையிடையே 90. புயல்களின் வரிசையில் இது பெரிய வேகமே இல்லை. ஆனால் கரை ஏறியதும் பல மணி நேரம் ஏறத்தாழ அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பிறகு வலுவிழந்து, நத்தை வேகத்தில் மேற்கே நகர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக எங்களிடம் வந்தது. அதற்குப் பின் அரபிக்கடல் பக்கம் போய்விட்டது.

புதுச்சேரியில் இருந்து ஊத்தங்கரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. இத்தனை தூரம் உள்ளே வந்தும் வற்றாததற்குக் காரணம், புயலின் மையம் நிலத்தில் இருந்தபோதும் அதன் கை கடலிலேயே இருந்ததுதான். வங்கக்கடலின் ஈரக்காற்று நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆகவே டிசம்பர் 1 இரவு எங்கள் தலைக்கு மேல் இருந்த காற்று, ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் கடல்மட்டத்தில் அலையை உரசிக்கொண்டிருந்த காற்று. இந்த ஒரு விஷயம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

உப்பு ஏறும் வழி

அலை உடையும்போது காற்றுக் குமிழ்கள் நீருக்குள் இழுக்கப்படுகின்றன. அவை மேலே வந்து வெடிக்கும்போது இரண்டு விதத் துளிகள் தெறிக்கின்றன. குமிழின் தோல் கிழிந்து சிதறுபவை மிகச் சிறியவை. தோல் கிழிந்த பள்ளத்தை நிரப்பக் கீழிருந்து நீர் பீச்சிக்கொண்டு எழும்போது வரும் துளிகள் சற்றுப் பெரியவை. சோடா பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடித்தால் உணர்வோமே, அதே வேலைதான். துளியின் நீர் காய்ந்ததும் மிஞ்சுவது உப்புத் துகள்.

காற்று கூடக் கூட இது எப்படிப் பெருகும்? கடலில் வெண்ணுரை மூடும் பரப்பு காற்று வேகத்தின் ஏறத்தாழ 3.4ஆம் படியாக வளர்கிறது என்பது 1980களில் இருந்து புழங்கும் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் நுரை பத்து மடங்குக்கு மேல். எனவே ஒரு நாள் புயல், அமைதியான பல நாட்கள் செய்யும் உப்பு வேலையைச் செய்துமுடித்துவிடும்.

இந்தத் துகள் இல்லாவிட்டால் மழையும் சிரமம்தான். நீராவி தானாகத் துளியாவதில்லை. பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். உப்புக்கு ஈரத்தின் மேல் உள்ள ஆசை எல்லோருக்கும் தெரிந்ததே. ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு மேகம் உருவாவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உப்புத் துகள் ஒன்றைச் சுற்றி மேகத்துளி ஒன்று கட்டுகிறது. அப்படிப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் நம் கையில் விழும் ஒரு மழைத்துளி. இப்போது டீக்கடைக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. உப்பு இருக்கிறது, ஆனால் நாக்குக்கு எட்டாத அளவில் கரைந்து கிடக்கிறது.

எவ்வளவு என்று ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் மழைநீரில் ஒரு மில்லிகிராம் குளோரைடு (உப்பின் குளோரின் பகுதி) என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். அதில் இரண்டு கிலோ குளோரைடு. வானம் ஓர் ஏக்கருக்கு ஒரு சிறு பை உப்பைத் தூவியதாகும். போச்சம்பள்ளிப் பக்கம் தென்னங்கன்று நடும்போது குழியில் உப்புப் போடுகிறவர்கள் இதைக் கேட்டால் கவலைப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். தென்னைக்குக் குளோரைடு தேவை.

கங்கைக் கரையின் புகை

கடல் மட்டும் தனியாக இருந்தால் கதை இதோடு முடிந்துவிடும். வங்கக்கடல் தனியாக இல்லை.

நவம்பரில் இருந்து மார்ச் வரை காற்று வடகிழக்கில் இருந்து வீசுகிறது. வயலில் எரித்த தாள், செங்கல் சூளை, அனல் மின் நிலையம், லாரிப் புகை என்று கங்கைச் சமவெளியில் சேர்ந்த அத்தனையும் வங்கக்கடலின் வடபகுதி வழியாகக் கடலுக்குள் இறங்குகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தோயெக்ஸ் எனும் இந்தியப் பெருங்கடல் ஆய்வுதான் இதை உலகத்துக்குக் காட்டியது. கப்பல், விமானம், மாலத்தீவில் ஓர் அளவீட்டு நிலையம் எல்லாம் வைத்துப் பார்த்தபோது, தெற்காசியாவின் பழுப்புப் புகைமூட்டம் நிலநடுக்கோட்டுப் பகுதி வரை பரவிக் கிடந்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர், ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். மற்றவர் வீ. ராமநாதன், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். சிதம்பரத்தில் இருந்து கடல் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்து மகிழ்வது என் பலவீனம். பின்னர் 2006இல் இஸ்ரோ முன்னெடுத்த ஆய்வில் சாகர் கன்யா கப்பல் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் சுற்றி அளந்தது. 2008-09 குளிர்காலத்தில் மறுபடியும் வங்கக்கடலை அளந்தார்கள். வடக்கே போகப் போக மாசு கூடுவது தெளிவாகத் தெரிந்தது.

இந்தப் புகையும் அந்த உப்பும் சந்திக்கும் இடத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நைட்ரிக் அமிலமாகின்றன. அது கடலுப்பின் மேல் உட்காருகிறது. சோடியம் குளோரைடு சோடியம் நைட்ரேட்டாகிவிட, குளோரின் பகுதி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பிப் போய்விடுகிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிய கதை. வெளித்தோற்றத்துக்கு அதே துகள்தான். உள்ளே குடியிருப்பவர் மாறிவிட்டார்.

ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம். எடை விகிதம் 1.8. எந்தப் பெருங்கடலில் அள்ளினாலும் இந்த விகிதம் அசையாது. மழைநீரிலோ காற்றுத் துகளிலோ அது 1.8க்குக் கீழே இறங்கினால் வழியில் அமிலம் குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். கந்தகத்துக்கும் இதே கணக்கு உண்டு. கடல்நீரில் சல்பேட், சோடியத்தின் கால் பங்கு. அதற்கு மேல் காணப்படும் சல்பேட் கடலுப்பில் இருந்து வந்ததில்லை. நிலக்கரியில் இருந்தோ, கப்பலில் இருந்தோ, கடல்வாழ் மிதவை உயிரிகள் விடும் டைமெத்தில் சல்பைடு எனும் வாயுவில் இருந்தோ வந்திருக்க வேண்டும். 'கடல் வாசனை' என்று நாம் மெரினாவில் இழுத்து மூச்சு விடுவதில் அந்த வாயுவுக்கும் பங்கு உண்டு.

இரவில் இன்னொரு காரியம் நடக்கிறது. வெயில் இல்லாதபோது நைட்ரஜன் ஆக்சைடுகள் டைநைட்ரஜன் பென்டாக்சைடாகி, உப்புத் துகளில் மோதி, நைட்ரைல் குளோரைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. இரவு முழுக்க அது சும்மா சேர்ந்துகொண்டிருக்கும். விடிந்து முதல் வெளிச்சம் பட்டதும் உடைந்து குளோரின் அணுவை விடுவிக்கும். மீத்தேனையும் மற்றக் கரிம வாயுக்களையும் குளோரின் அணு தாக்கும் வேகம், வழக்கமாக அந்த வேலையைப் பார்க்கும் ஹைட்ராக்சிலைவிடப் பல மடங்கு அதிகம். அதன் தொடர்ச்சியாகத் தரையருகே ஓசோன் கூடும். 2006இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடலோரத்தில் கப்பலில் இருந்து அளந்தபோது இந்த வாயு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்ததைப் பார்த்துத் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. சுத்தக் கடலிலும் இது நடக்காது, குளோரைடே இல்லாத சுத்தப் புகையிலும் நடக்காது. இரண்டும் கலந்தாக வேண்டும்.

புயல் மேகத்துக்கு அடியில் இந்த விடியல் வேலை மந்தமாகிவிடும். கறுத்த மேகம் வெளிச்சத்தை விடுவதில்லை. ஆகவே புயலின் நடுவில் வெளிச்சத்தால் நடக்கும் வேதியியல் தூங்குகிறது. துளிக்குள் நடக்கும் வேதியியல் விழித்திருக்கிறது. மேகத்துளிக்குள் கரைந்த சல்பர் டை ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடு நொடிகளில், நிமிடங்களில் சல்பேட்டாக்கிவிடுகிறது. வெளிக்காற்றில் அதே மாற்றத்துக்கு நாட்கள் பிடிக்கும்.

சல்லடை

புயல் காற்றைக் கழுவுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. நீரில் கரைபவை மட்டுமே கழுவப்படுகின்றன. உப்பு, சல்பேட், நைட்ரிக் அமிலம், பெராக்சைடு எல்லாம் மழையோடு கீழே வருகின்றன. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஓசோன் ஆகியவை நீரில் அவ்வளவாகக் கரையாதவை. அவை மேகத்தின் உள்ளே எழும் காற்றோடு லிஃப்டில் ஏறியது போல 15 கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகின்றன, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். கடல்மட்டத்தில் இருந்திருந்தால் ஓசோன் சில நாட்களிலும் கார்பன் மோனாக்சைடு சில வாரங்களிலும் முடிந்திருக்கும். அந்தக் குளிரில் பலவற்றின் ஆயுள் கூடுகிறது, பயணமும் நீள்கிறது. டைமெத்தில் சல்பைடும் எளிதில் கரையாது. மேலே போய், அங்கே புதிய நுண்துகள்களாகப் பிறக்கிறது. ஆகவே புயலைத் துடைப்பம் என்பதைவிடச் சல்லடை என்பதே சரி.

மின்னலையும் இங்கே சேர்க்க வேண்டும். மின்னல் பாயும் தடத்தில் வெப்பம் 30,000 டிகிரியைத் தொடுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து நைட்ரிக் ஆக்சைடாகச் சேர்கின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் நைட்ரஜன் இப்படி மாறுகிறது. இடி இடித்தால் பயிர் பச்சை பிடிக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது.

மாசு மின்னலையே கூட்டும் என்பதற்குக் கடலே சாட்சி சொன்னது. இலங்கைக்குத் தெற்கே ஓடி மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பல் பாதை உலகின் நெரிசலான பாதைகளில் ஒன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பாதையின் மேல் மட்டும் மின்னல் பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டியது. வரைபடத்தில் கோடு கிழித்தது போலத் தெரியும். கப்பல் புகையின் நுண்துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்குகின்றன. சிறிய துளிகள் சீக்கிரம் மழையாகாமல் மேலே போய் உறைகின்றன. பனிக்கட்டிகள் உரசிக்கொள்ளும்போது மின்னேற்றம் கூடுகிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்தில் இருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் மின்னலும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆய்வகத்தில் செய்ய முடியாத பரிசோதனையை ஒரு சர்வதேச விதி செய்துவிட்டது.

மாடியில் மூன்று பாத்திரங்கள்

இனி என் பங்கு. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

டிசம்பர் 1 காலை மழை வலுத்ததும் மொட்டை மாடியில் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தேன். தண்ணீரை வடித்து, குளோரைடு இருந்தால் வெளுத்துக் காட்டும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் மோர் போல வெளுத்தது. ஆகா, கடல் வந்துவிட்டது என்று குதித்தேன். என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, பாத்திரத்தை எதில் கழுவினீர்கள்?" போர் தண்ணீரில்! எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் பேர்போனது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர நேர்ந்தது. ஃபுளோரைடோடு குளோரைடும் அதில் தாராளம். பாத்திரத்தில் ஒட்டியிருந்த நாலு சொட்டுப் போர் தண்ணீரே என் கடலைத் தயாரித்திருக்கிறது.

பேட்டரிக் கடையில் வாங்கி வைத்திருந்த வடிநீரால் மூன்று பாத்திரங்களை அலசி மறுபடி தொடங்கினேன். முதல் மாதிரி முற்பகலில், இரண்டாவது மாலையில், மூன்றாவது மறுநாள் விடிந்ததும். முதலாவதில் மெல்லிய பால்மங்கல். கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவதில் இருந்தது என்று என் மகள் சொன்னாள், இல்லை என்று நான் சொன்னேன். மூன்றாவதில் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

முதல் மாதிரியின் குளோரைடு கடலில் இருந்து வந்தது என்று எழுத என் கை துடித்தது. ஆனால் கடல் காற்று மூன்றாவது மாதிரி வரையிலும் வந்தபடியே இருந்தது. அது மட்டும்தான் காரணம் என்றால் மூன்றாவது மாதிரியிலும் மங்கல் இருந்திருக்க வேண்டும். குறைந்துகொண்டே போனது, முதல் மழை எங்கள் ஊர்க் காற்றைக் கழுவியதைக் காட்டுகிறது. விறகுப் புகையில் பொட்டாசியம் குளோரைடு உண்டு. குப்பைமேட்டில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடே வரும். கிரஷர் தூசியும், நெடுஞ்சாலைப் புழுதியும் அதே காற்றில்தான் மிதந்தன. எங்கள் அழுக்கு முதலில் இறங்கியது. அதற்குப் பின் பெய்ததில் கடலுப்பு இருந்திருந்தாலும் என் இரண்டு சொட்டுக்குப் பிடிபடாத அளவுதான். டிசம்பர் 3 காலை ஜவ்வாது மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. அந்தக் காட்சிக்குத் தேவையான கழுவல் முதல் சில மணி நேரத்திலேயே முடிந்திருக்க வேண்டும். மற்ற மழை முழுவதும் ஏற்கெனவே சுத்தமான காற்றின் மேல் பெய்தது.

மாசுதான் இவ்வளவு மழையைக் கொட்டவைத்தது என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. நுண்ணிய புகைத்துகள் துளியைச் சிறிதாக்கி மழையைத் தாமதப்படுத்தும். பருமனான உப்புத் துகள் துளியைப் பெரிதாக்கி மழையை விரைவுபடுத்தும். புயல் இரண்டையும் ஒரே மேகத்தில் கொட்டுகிறது. கயிறு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மெதுவாக நகர்ந்த புயலும் இடையறாது வந்த கடல் ஈரமும் 50 செ.மீ.க்குப் போதிய விளக்கம். மாசு மாற்றியது மழையின் அளவை என்பதைவிட, துளிக்குள் இருந்ததை.

அந்தத் தண்ணீர் எங்களிடம் தங்கவும் இல்லை. பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போனது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆறு மேலிருந்து எதைச் சுமந்து வருகிறது என்று தெரியும். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையில் இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டது. கடலூர் அருகே அது வங்கக்கடலில் சேர்ந்தபோது வயல்களின் உரமும் ஊர்களின் சாக்கடையும் உடன் போயின. அங்கே மிதவை உயிரிகளுக்கு அது தீனி.

டீக்கடைக்காரரிடம் திரும்பப் போய் இதில் கால்வாசியைச் சொன்னேன். "அப்படியென்றால் அந்த 1.8 நம் மழையில் எவ்வளவு சார்?" என்றார். சரியான இடத்தில் பிடித்துவிட்டார். குளோரைடு மட்டும் பார்த்தால் போதாது, சோடியமும் வேண்டும். மண் பரிசோதனைக் கூடங்களில் பொட்டாசியம் அளக்க வைத்திருக்கும் சுடர் ஒளிமானியிலேயே சோடியத்தையும் அளந்துவிடலாம். மிச்சம் வைத்திருந்த மூன்று மாதிரிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானபோதுதான் அவற்றை எதில் ஊற்றி வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன். ஜாம் பாட்டில்கள். கண்ணாடியில் இருந்து சோடியம் மெல்ல நீரில் கசியும். பத்து நாட்களாக ஊறியிருந்தது. தண்ணீரை மாடியில் இருந்த துளசிக்கு ஊற்றிவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒரு டஜன் வாங்கி வந்தேன். அவை இன்னும் பரண் மேல் காத்திருக்கின்றன.